நந்தம்பாக்கம் டிரேட் சென்டர் கண்காட்சிக்கு முதல் தடவை போகிறோம்: எதைப் பார்ப்பது, யாரிடம் கேட்பது?

சாமைக்கொல்லை

எல்லோருக்கும் வணக்கம். திருவண்ணாமலை மாவட்டத்தில் செங்கம் பக்கம் எங்கள் ஊர். மகளிர் குழுவாகச் சேர்ந்து சாமை, தினை, வரகு மூன்றையும் உமி நீக்கி அரிசியாக்கி விற்கிறோம். கூடவே கஞ்சி மாவு, தோசை மிக்ஸ், சாமை முறுக்கு. மேசைத் தராசில் எடை போட்டு, காலால் மிதிக்கிற சீலரில் ஒட்டுகிறோம். எல்லோரும் உட்கார்ந்தாலும் ஒரு நாளைக்கு 300 பாக்கெட்டைத் தாண்ட முடியவில்லை. சென்னையில் ஒரு கடைக்காரர் மாதாமாதம் சரக்கு எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். எல்லாப் பாக்கெட்டும் ஒரே எடையில், காற்றுப் புகாமல் இருக்கவேண்டும் என்பது அவர் நிபந்தனை.

டிரேட் சென்டரில் உணவு பதப்படுத்தும் மெஷின், பேக்கிங் மெஷின் கண்காட்சி வருகிறது, போய்ப் பாருங்கள் என்று மாவட்டத் தொழில் மையத்தில் சொன்னார்கள். இரண்டு பேர் போவதாக முடிவு செய்திருக்கிறோம். தீவுத்திடல் பொருட்காட்சி மாதிரி டிக்கெட் எடுத்துப் போகிற இடமா, கம்பெனிக்காரர்களுக்கு மட்டுமா? என்னென்ன கொண்டுபோக வேண்டும்? எங்களை மாதிரி ஆட்களிடம் நின்று பேசுவார்களா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மணப்பாக்கம்வாசி

வழி நான் சொல்கிறேன் அக்கா. திண்டிவனம் வழியாக வரும் பஸ் என்றால் கிளாம்பாக்கத்தில் இறங்குவீர்கள். அங்கிருந்து கிண்டி பக்கம் போகும் மாநகரப் பேருந்தில் ஏறி கத்திப்பாராவில் இறங்குங்கள். ஆலந்தூர் மெட்ரோவும் அங்கேயேதான். அங்கிருந்து போரூர், பூந்தமல்லி போகும் எந்தப் பஸ்ஸும் மவுண்ட் பூந்தமல்லி சாலையில்தான் போகும். பட் ரோடு தாண்டி நந்தம்பாக்கம், அடுத்து டிரேட் சென்டர். ஷேர் ஆட்டோவும் உண்டு. ரயிலில் தாம்பரம் வந்தால் மின்சார ரயில் பிடித்துப் பரங்கிமலையில் இறங்குங்கள். அங்கிருந்து ஆட்டோவில் பக்கம்.

மாதவரம் – சோழிங்கநல்லூர் மெட்ரோ இந்தச் சாலை மேலே தூணில் வருகிறது. டிரேட் சென்டர் பெயரிலேயே ஒரு நிலையம் திட்டத்தில் இருக்கிறது. ரயில் ஓடத் தொடங்கும்வரை ஆலந்தூர்தான் நமக்கு வாசல்.

காலையில் 10 மணிக்கு முன்னால் வந்துவிடுங்கள். சாயங்காலம் 5 மணிக்கு மேல் மணப்பாக்கத்து ஐடி கம்பெனிகள் எல்லாம் ஒரே நேரத்தில் விடும். அந்த நேரத்தில் போரூர் பக்கம் போவதைத் தவிர்த்துவிட்டு கத்திப்பாரா பக்கமே திரும்பிவிடுங்கள்.

அம்பத்தூர் லேத்

இது டிக்கெட் எடுத்துப் பார்க்கிற பொருட்காட்சி இல்லைம்மா. வியாபாரக் கண்காட்சி. பெரும்பாலும் இலவசம்தான், ஆனால் பெயர் பதிந்துகொள்ள வேண்டும். நடத்துகிறவர்களின் தளத்தில் முன்கூட்டியே பதிந்தால் செல்பேசிக்கு ஒரு க்யூஆர் கோடு வரும். வாசலில் காட்டினால் பேட்ஜ் அடித்துக் கொடுப்பார்கள். நேரில் வந்து பதிந்தால் வரிசையில் அரை மணி போய்விடும். நிறுவனத்தின் பெயர் கேட்கும் இடத்தில் உங்கள் குழுவின் பெயர், பொறுப்பு என்ற இடத்தில் "உற்பத்தியாளர்" என்று தைரியமாகப் போடுங்கள். அந்த பேட்ஜைப் பார்த்துத்தான் ஸ்டாலில் இருப்பவர் பேச்சைத் தொடங்குவார். "விசிட்டர்" என்று மட்டும் இருந்தால் துண்டுப் பிரசுரம் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

குழந்தைகளைக் கூட்டிவராதீர்கள். மெஷின் ஓடுகிற கண்காட்சிகளில் பெரும்பாலும் 18 வயதுக்குக் கீழே இருந்தால் விடமாட்டார்கள். அது நியாயமும்கூட.

எந்த நாள் போவது என்பது முக்கியம். முதல் நாள் காலையில் திறப்பு விழா, விருந்தினர், போட்டோ. கடைசி நாள் மத்தியானத்துக்கு மேல் அவர்கள் மூட்டை கட்டுவதில் இருப்பார்கள். நடு நாள் காலை வாருங்கள். பேசுகிறவர்கள் தெளிவாக இருப்பார்கள், அவசரமும் இருக்காது.

எங்கள் அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கம் இதே டிரேட் சென்டரில் ஏக்மி என்று இயந்திரக் கண்காட்சி நடத்துகிறது. பட்டறை வைத்திருக்கிற எல்லோரும் ஒரு உதிரிபாகத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் உள்ளே போவோம். "இந்த துண்டை உன் மெஷினில் எத்தனை நிமிடத்தில் கடைந்து தருவாய்?" என்று நேரடியாகக் கேட்டால் எதிரில் இருக்கிறவர் சேர் போட்டு உட்கார வைப்பார். நீங்கள் உங்கள் மாவைக் கொண்டுபோங்கள்.

ஆம்பூர் தோல்

கடைசி வரியை அப்படியே ஆமோதிக்கிறேன். பிப்ரவரித் தொடக்கத்தில் அங்கே நடக்கும் இந்தியா சர்வதேச தோல் கண்காட்சியிலும் இதுதான் வழக்கம். தோல் துண்டை நீட்டாமல் யாரும் பேச்சைத் தொடங்க மாட்டோம். நல்ல செருப்பு போட்டு வாருங்கள் அக்கா. ஹாலுக்கு ஹால் நடந்தே சாயங்காலம் ஆகிவிடும், தரை முழுக்க சிமெண்ட்.

நெல்லைச் சரக்கு

எல்லோரும் போகச் சொல்கிறீர்கள். நான் மாறுபடுகிறேன். ஸ்டாலில் நிற்கிறவர் பெரும்பாலும் விற்பனை ஆள். மெஷினைக் கழற்றி மாட்டத் தெரியாதவர். உங்கள் போன் நம்பரை வாங்கிக்கொண்டு மறுநாளிலிருந்து தினமும் கூப்பிடுவார். கண்காட்சி விலை, இன்று மட்டும் தள்ளுபடி என்று அவசரப்படுத்துவார். எங்கள் உறவுக்காரர் ஒருவர் அப்படி ஹாலிலேயே அட்வான்ஸ் கொடுத்து வாங்கிய மெஷின் இன்று மூலையில் கிடக்கிறது. சிறுதானிய மெஷின் செய்கிறவர்கள் கோயம்புத்தூரில் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பஸ் ஏறி நேராக அவர்கள் பட்டறைக்கே போங்கள். சென்னைக்குப் போய்வரும் செலவு, இரண்டு பேரின் இரண்டு நாள் கூலி எல்லாம் மிச்சம்.

கோவை சர்வீஸ்

நெல்லை அண்ணன் சொல்வதில் பாதி சரி. நான் பேக்கிங் மெஷின் சர்வீஸ் செய்கிறவன். கண்காட்சிகளில் மெஷினை ஏற்றி, இறக்கி, ஓட்டிக் காட்டுகிற பக்கத்திலிருந்து சொல்கிறேன். முடிவு எடுக்க வேண்டிய இடம் பட்டறைதான். ஆனால் எந்தப் பட்டறைக்குப் போவது என்று எப்படித் தெரியும்? ஒரே வேலையைச் செய்கிற ஏழெட்டு மெஷின் ஒரே கூரையின் கீழ் ஓடுவதை வேறெங்கும் பார்க்க முடியாது. ஒருவர் மெஷினில் இருக்கும் குறையை எதிர் ஸ்டால்காரர் தயங்காமல் சொல்லித் தருவார். அதைக் கேட்டுக்கொண்டு முதல் ஸ்டாலுக்குத் திரும்பிப் போய் அதையே கேள்வியாகக் கேளுங்கள். பட்டறைக்குத் தனியாகப் போனால் இந்தப் பலம் உங்களுக்குக் கிடையாது.

இனி சாமைக்கொல்லை அக்காவுக்கு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில், உங்களுடையது ஒரு பொருள் இல்லை, மூன்று. அரிசி தானாக வழிந்து ஓடும். அதற்கு ஒரே அளவுக் கிண்ணத்தால் அளந்து நிரப்புகிற கப் ஃபில்லர் போதும், விலையும் குறைவு. மாவு வழியாது, அடைத்துக்கொள்ளும். அதற்குத் திருகு போட்ட ஆகர் ஃபில்லர் வேண்டும். முறுக்கு உடையும், ஒன்றுக்கொன்று எடையும் மாறும். அதற்கு எடைத் தட்டு வைத்த வெய்யர். மூன்றையும் ஒரே மெஷின் செய்யும் என்று யாராவது சொன்னால், "சரி, என் மாவை இப்போது போட்டுக் காட்டுங்கள்" என்று சொல்லுங்கள். அதனால்தான் சரக்கைக் கொண்டுபோகச் சொல்கிறோம். மூன்றிலும் இரண்டிரண்டு கிலோ போதும். ஹாலில் டெமோவுக்குப் பாசிப்பருப்பு, அரிசி, ஜவ்வரிசி மாதிரி ஓடுகிற பொருளைத்தான் போட்டுவைத்திருப்போம். எந்த மெஷினிலும் அது அழகாக விழும்.

இரண்டாவது, வேகம். நிமிடத்துக்கு 40 பாக்கெட், 60 பாக்கெட் என்று பெரிதாக எழுதிவைத்திருப்பார்கள். உங்களுக்கு அது தேவையே இல்லை. நிமிடத்துக்கு 10 பாக்கெட் போட்டாலே மணிக்கு 600. நீங்கள் இரண்டு நாள் உட்கார்ந்து செய்கிறது ஒரு மணியில் முடிந்துவிடும். மீதி நேரம் மெஷின் சும்மா நிற்கும், கடன் வட்டி நிற்காது. வேகத்துக்குக் கொடுக்கிற பணத்தை எடைத் துல்லியத்துக்கும் சீலுக்கும் கொடுங்கள். கடைக்காரர் கேட்டதும் அந்த இரண்டுதான். பொதிந்த பொருள்களுக்கான 2011ஆம் ஆண்டு எடையளவு விதிகளின்படி 500 கிராம் பாக்கெட்டில் பிழை 15 கிராம் வரைதான் அனுமதி. அதைத் தாண்டிக் குறைந்தால் வழக்கு. ஸ்டாலில் ஓடும் மெஷினிலிருந்து தொடர்ந்து பத்துப் பாக்கெட்டை எடுத்து நீங்களே தராசில் வையுங்கள். ஒரு சின்ன டிஜிட்டல் தராசைப் பையில் போட்டு வாருங்கள். நல்ல மெஷின் வைத்திருப்பவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத செலவு. இதை யாரும் சொல்லமாட்டார்கள், அதனால் அழுத்திச் சொல்கிறேன். ஹாலில் மெஷினை இயக்குகிற அழுத்தக் காற்று எல்லா ஸ்டாலுக்கும் பொதுக் குழாயில் வரும். அந்தக் காற்றைத் தருகிற கம்ப்ரஸர் எங்கேயோ வெளியே ஓடும். நீங்கள் பார்ப்பது மெஷின் மட்டும். ஊரில் அதை ஓட்ட கம்ப்ரஸர் தனியாக வாங்கவேண்டும், அதற்கு மின்சாரம், சத்தம், தினமும் தண்ணீர் வடிக்கிற வேலை. "காற்று வேண்டுமா? எத்தனை சிஎஃப்எம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன அடி? சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா? மொத்தம் எத்தனை கிலோவாட்?" இந்த நான்கையும் எழுதி வாங்குங்கள். உங்கள் கொட்டகையில் த்ரீ ஃபேஸ் இல்லையென்றால் புது இணைப்புக்கும் கணக்குப் போடவேண்டும்.

நான்காவது, ஃபிலிம், அதாவது பை செய்கிற பிளாஸ்டிக் தாள். ரோலிலிருந்து தானே பை செய்து, நிரப்பி, ஒட்டுகிற மெஷினைப் பார்த்தால் ஆசை வரும். ஆனால் பெயர் அச்சடித்த ரோல் வேண்டுமென்றால் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு அச்சு சிலிண்டர் வெட்டவேண்டும், ரோலையும் நூற்றுக்கணக்கான கிலோ கணக்கில்தான் அடித்துக் கொடுப்பார்கள். உங்களுக்கு அரிசியில் மூன்று, மாவு, மிக்ஸ், முறுக்கு என்று ஆறு வகை. ஆறுக்கும் ரோல் அடித்தால் முதல் முழுவதும் ஃபிலிமில் முடங்கிப்போகும். இப்போதைக்கு ரெடிமேட் பை, ஆகர் ஃபில்லர், பையின் வாயை ஒட்டும் பேண்ட் சீலர் என்று போவதுதான் உங்கள் அளவுக்குப் பொருந்தும் என்று எனக்குப் படுகிறது. முறுக்குக்கு மட்டும் நைட்ரஜன் அடிக்கும் வசதி உள்ள சீலரைப் பாருங்கள்.

மாவில் இன்னொன்று. தூசி பறந்து பையின் வாயில் ஒட்டிக்கொண்டால் சீல் பிடிக்காது. பார்க்க ஒட்டியது மாதிரி இருக்கும், பிதுக்கினால் விட்டுவிடும். டெமோ பாக்கெட்டை வாங்கி இரண்டு கையாலும் அழுத்திப் பாருங்கள், தண்ணீர் வாளியில் அமிழ்த்தியும் பார்க்கலாம். தூசி பறக்காமல், மாவு விழும் கழுத்தை எப்படி மூடியிருக்கிறார்கள் என்று குனிந்து பாருங்கள். கழுவுவதற்குத் திருகைக் கழற்றச் சொல்லுங்கள். கழற்ற ஸ்பேனர் தேடினால் உங்கள் பெண்களுக்கு அது தினமும் சிரமம்.

நெல்லைச் சரக்கு

கம்ப்ரஸர் விஷயம் எனக்கே புதிது. இப்படித் தயாராகிப் போவதாக இருந்தால் போகலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஹாலில் ஒரு ரூபாய்கூட கொடுக்கக்கூடாது என்பதில் நான் மாறமாட்டேன்.

பேட்டை ஓய்வு

தொழில் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். நெல்லைக்காரர் சொன்ன அந்த ஒரு ரூபாய்க்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

"எங்களை மாதிரி ஆட்களிடம் பேசுவார்களா?" என்று அம்மையார் கேட்டது என் மனதைத் தைத்தது. அந்த இடம் யாருக்காக வந்தது என்பதைச் சொல்லவேண்டும் என்று தோன்றுகிறது. சென்னைக்குப் பெரிய வணிகக் கண்காட்சி புதிதல்ல. 1968இல் சர்வதேச வணிக, தொழில் கண்காட்சி நடந்த இடம்தான் இன்றைய அண்ணா நகர். அங்கே பூங்காவுக்குள் நிற்கிற 135 அடி கோபுரம் அந்தக் கண்காட்சிக்காகக் கட்டியது. கண்காட்சி முடிந்ததும் ஹால்கள் போயின, கோபுரம் நின்றது. அதற்குப் பிறகு நிரந்தரமான நவீன கண்காட்சி அரங்கம் என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்று வர 2001 ஆனது. மத்திய அரசின் இந்திய வர்த்தக மேம்பாட்டு நிறுவனம் 51 சதவீதம், நம் மாநிலத்தின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ 49 சதவீதம் போட்டு உருவாக்கிய தமிழ்நாடு வர்த்தக மேம்பாட்டு நிறுவனம்தான் டிரேட் சென்டரை நடத்துகிறது. மாநாட்டு அரங்கம் 2004இல் சேர்ந்தது, பிறகு இன்னும் விரிந்தது. ஆக, முழுக்க முழுக்க அரசுப் பணத்தில் நிற்கிற இடம். அதில் உங்கள் பங்கும் இருக்கிறது.

2020இல் கொரோனா வந்தபோது அதே ஹால்களில் கட்டில் போட்டு நோயாளிகளைப் படுக்க வைத்தார்கள். 2024 ஜனவரி 7, 8 தேதிகளில் உலக முதலீட்டாளர் மாநாடு நடந்து 6.64 லட்சம் கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டதும் அங்கேதான். அடுத்த வாரமே, 16 முதல் 18 வரை பன்னாட்டுப் புத்தகக் காட்சி. நந்தனத்தில் நாம் மூட்டையாகப் புத்தகம் வாங்குகிற காட்சியிலிருந்து அது வேறு. வெளிநாட்டுப் பதிப்பாளரும் நம் பதிப்பாளரும் மேசைக்கு எதிரெதிரே உட்கார்ந்து மொழிபெயர்ப்பு உரிமை பேசுகிற இடம். அங்கேயும் சிறிய பதிப்பாளர் தன் பட்டியலை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார். டிரேட் சென்டரின் பயன் அதுதான் என்று நான் நம்புகிறேன். லட்சம் கோடி முதலீட்டாளர் நடந்த அதே தரையில் செங்கத்துக் குழு தன் சாமை மாவை நீட்டிக் கேள்வி கேட்கவேண்டும். கூச்சமே வேண்டாம்.

இப்போது அந்த ஒரு ரூபாய். உணவு பதப்படுத்தும் குறு நிறுவனங்களுக்கான பிரதமர் திட்டத்தில் மெஷினுக்கு 35 சதவீதம் மானியம், அதிகபட்சம் 10 லட்சம். அது வங்கிக் கடனோடு இணைந்த மானியம். விலைப்புள்ளி வாங்கி, திட்ட அறிக்கையில் சேர்த்து, வங்கி கடனை அனுமதித்த பிறகுதான் வாங்கவேண்டும். முன்னாலேயே கைப்பணம் கொடுத்து வாங்கிவிட்டால் மானியம் கேட்க வழி அடைபட்டுவிடும். ஆகவே ஹாலில் நீங்கள் வாங்கவேண்டியது மெஷின் இல்லை, விலைப்புள்ளி. ஜிஎஸ்டி தனியாக, வண்டி வாடகை தனியாக, பொருத்தித் தருவது தனியாகப் பிரித்து எழுதிய விலைப்புள்ளி, கையெழுத்து முத்திரையோடு. மூன்று பேரிடமாவது. இதே திட்டத்தில் மகளிர் குழு உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் 40,000 ரூபாய் வரை தொடக்க நிதி என்றும் ஒரு பிரிவு உண்டு. இப்போது விண்ணப்பம் வாங்குகிறார்களா என்று மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

உணவுத்தொழில்நுட்பம் மூன்றாமாண்டு

நான் மாணவி. எங்கள் வகுப்பையும் அதே கண்காட்சிக்குக் கூட்டிப்போகிறார்கள். ஸ்டால்களில் எங்களை யாரும் மதிப்பதில்லை என்று சீனியர் அக்காக்கள் சொல்கிறார்கள். உண்மையா?

கோவை சர்வீஸ்

தங்கச்சி, ஐம்பது பேர் ஒன்றாக வந்து பைகளை மட்டும் வாங்கிக்கொண்டு செல்ஃபி எடுத்துவிட்டுப் போனால், பின்னால் நிற்கிற வாடிக்கையாளர் பேச முடியாமல் போய்விடுகிறார். எங்களுக்கு அதுதான் வருத்தம். மாணவர் மேல் வெறுப்பு ஒன்றும் இல்லை. இரண்டு பேராக, மத்தியானம் 3 மணிக்கு மேல், ஒரு உருப்படியான கேள்வியோடு வாருங்கள். "கம்பு மாவு ஏன் சீக்கிரம் கசக்கிறது, இந்த ஃபிலிம் அதைத் தடுக்குமா?" என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் ஆள் அரை மணி விளக்குவார்.

உணவுத்தொழில்நுட்பம் மூன்றாமாண்டு

அது கம்பில் கொழுப்பும் அதை உடைக்கும் லைபேஸ் நொதியும் அதிகம் என்பதால் அண்ணா. அரைத்ததும் இரண்டும் கலந்து கசப்பு தொடங்கும். அரைப்பதற்கு முன் தானியத்தை வெப்பத்தில் பதப்படுத்தினால் நொதி செயலிழக்கும். ஃபிலிம் மட்டும் போதாது. சாமைக்கொல்லை அக்கா, கம்பு மாவு போடுகிற எண்ணம் இருந்தால் இதைக் கவனியுங்கள். தஞ்சாவூரில் நிஃப்டெம் என்கிற மத்திய அரசின் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில், புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு உதவும் தொழில் காப்பகம் இருக்கிறது. உங்கள் மாவட்டத்திலேயே அத்தியந்தலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இருக்கிறது. மெஷின் வாங்குவதற்கு முன் இரண்டு இடத்திலும் ஆலோசனை கேளுங்கள்.

கோவை சர்வீஸ்

இந்தப் பிள்ளையை யாராவது மதிக்கவில்லை என்றால் நஷ்டம் அவர்களுக்கு.

சாமைக்கொல்லை

எல்லோருக்கும் நன்றி. பேட்டை ஐயா எழுதியதைக் குழுக் கூட்டத்தில் வாசித்துக் காட்டினேன். வரமாட்டேன் என்று தயங்கிய ஒருவரும் கிளம்பிவிட்டார். அத்தியந்தல் எங்களுக்குத் தெரிந்த இடம்தான், விதைக்குப் போவோம். மெஷின் விஷயமும் கேட்கலாம் என்று தோன்றியதில்லை. தங்கச்சிக்குத் தனி நன்றி.

இரண்டு சந்தேகம். எல்லா மெஷினும் எஸ்எஸ், அதாவது துருப்பிடிக்காத எஃகு என்கிறார்கள். காந்தம் ஒட்டவில்லை என்றால் நல்ல எஸ்எஸ் என்று ஊரில் சொல்கிறார்கள், சரியா? நாங்களே ஸ்டால் போடுவதென்றால் எவ்வளவு ஆகும், எங்களால் முடிகிற காரியமா?

அம்பத்தூர் லேத்

காந்தத்தை நம்பாதீர்கள். உணவு படுகிற இடத்தில் வேண்டியது 304 என்கிற எஸ்எஸ் ரகம். அதில் காந்தம் ஒட்டாது. ஆனால் மலிவான 202லும் ஒட்டாது. 304 தகட்டை வளைத்த இடத்தில் லேசாக ஒட்டவும் செய்யும். அதனால் காந்தத்தை வைத்து முடிவு கட்டினால் நல்லதைத் தள்ளிவிட்டு மட்டமானதை எடுப்பீர்கள். எந்த ரகம் என்று சொட்டு மருந்து விட்டுப் பார்க்கிற கிட் கடையில் கிடைக்கும், ஆனால் கண்காட்சி மெஷினில் அதை விட ஒப்பமாட்டார்கள். விலைப்புள்ளியிலும் பில்லிலும் "உணவு படும் பாகங்கள் அனைத்தும் எஸ்எஸ் 304" என்று எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்குகிறவரை விட்டு நகருங்கள். டெலிவரிக்கு முன் பட்டறையில் சொட்டு மருந்துச் சோதனை செய்வோம் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆம்பூர் தோல்

ஸ்டால் பற்றி நான் சொல்கிறேன். சாதாரணமாகக் கிடைக்கிற சின்ன ஸ்டால் 3 மீட்டருக்கு 3 மீட்டர், 9 சதுர மீட்டர். இரண்டு விதம். ஷெல் ஸ்கீம் என்றால் மூன்று பக்கத் தடுப்பு, கார்பெட், மேசை, நாற்காலி, விளக்கு, மேலே பெயர்ப் பலகை எல்லாம் அவர்களே போட்டுத் தருவார்கள். ரா ஸ்பேஸ் என்றால் வெறும் தரை, எல்லாம் நாம் கட்டவேண்டும், அது பெரிய நிறுவனங்களுக்கு. முதல் தடவைக்கு ஷெல் ஸ்கீம்தான். மூலை ஸ்டாலுக்குக் கூடுதல் கட்டணம். அதிக மின்சாரம் வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கவேண்டும், கடைசி நேரத்தில் கேட்டால் அதற்கும் கூடுதல் பணம்.

ஆனால் அக்கா, நீங்கள் போகிற இந்த மெஷின் கண்காட்சியில் ஸ்டால் போட்டு உங்களுக்குப் பயனில்லை. அங்கே வருகிறவர் மெஷின் வாங்க வருகிறவர். உங்கள் முறுக்கை வாங்குகிறவர் வருவது உணவுப் பொருள் கண்காட்சிக்கு. எந்தக் கண்காட்சிக்கு யார் வருவார்கள் என்று பார்க்காமல் ஸ்டால் எடுத்துப் பணத்தை விடுகிறவர்கள் நிறைய.

பேட்டை ஓய்வு

ஸ்டால் வாடகைக்கு மத்திய குறு, சிறு, நடுத்தரத் தொழில் அமைச்சகத்தின் கொள்முதல், சந்தைப்படுத்தல் உதவித் திட்டத்தில் பணம் திரும்பக் கிடைக்கும். பெண்கள் நடத்தும் நிறுவனங்களுக்குக் கூடுதல் பங்கு. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு அவசியம், கண்காட்சியும் அவர்கள் ஏற்ற பட்டியலில் இருக்கவேண்டும். கிண்டியில் ஜிஎஸ்டி சாலையில் அதற்கான அலுவலகம் இருக்கிறது. கண்காட்சிக்கு வருகிற அன்றே, கத்திப்பாராவிலிருந்து பக்கம்தான், எட்டிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

கோயம்புத்தூர் கொடிசியாவையும் மறக்காதீர்கள். சிறுதொழில் செய்கிறவர்கள் தங்கள் சங்கத்தின் பேரில் தாங்களே கட்டிய வளாகம் அது. 2010 ஜூனில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு அங்கேதான் நடந்தது. அங்கே நடக்கும் அக்ரி இன்டெக்ஸ் விவசாயக் கண்காட்சிக்குச் சிறுதானிய மெஷின்காரர்கள் நிறைய வருவார்கள்.

சாமைக்கொல்லை

போய்விட்டு வந்துவிட்டோம். நடந்ததை எழுதுகிறேன், அடுத்துப் போகிறவர்களுக்கு உதவும்.

முன்பே பதிந்திருந்ததால் வாசலில் வரிசை இல்லை. உள்ளே நுழைந்ததும் சத்தத்திலும் வெளிச்சத்திலும் கொஞ்ச நேரம் எந்தப் பக்கம் போவது என்றே தெரியவில்லை. ஓரமாக நின்று, வாசலில் கொடுத்த வரைபடத்தில் பேக்கிங் மெஷின் ஸ்டால் நம்பர்களை மட்டும் பேனாவால் வட்டம் போட்டோம். சாக்லேட் மெஷின், ஐஸ்கிரீம் மெஷின் பக்கம் திரும்பவே இல்லை. அதனால்தான் ஒரே நாளில் முடிந்தது.

முதல் ஸ்டாலில் கன்னங்கரேலென்று கோட் போட்டவர் இங்கிலீஷில் தொடங்கினார். கஞ்சி மாவுப் பையை மேசையில் வைத்து, "இதை உங்கள் மெஷினில் போட்டுக் காட்டுவீர்களா?" என்று தமிழில் கேட்டேன். உடனே பின்னால் இருந்த மெக்கானிக் தம்பி வந்துவிட்டார். அதற்குப் பிறகு கோட் போட்டவரும் தமிழில்தான் பேசினார். போன இடமெல்லாம் இப்படித்தான். நான்கு பேர் மாவைப் போட்டுக் காட்டினார்கள். இரண்டு பேர் மெஷின் அழுக்காகும், பட்டறைக்கு வாருங்கள் என்றார்கள். ஒருவர், மாவு எல்லாம் ஒன்றுதானே, பார்க்க என்ன இருக்கிறது என்றார். அவரை விட்டுவிட்டோம்.

போட்டுக் காட்டிய நான்கில் ஒன்றில் பத்துப் பாக்கெட்டும் 500 கிராமுக்கு நான்கைந்து கிராம் வித்தியாசத்துக்குள் நின்றது. இன்னொன்றில் 22 கிராம் வரை ஆடியது. அதைப் பார்த்த அந்த ஸ்டால்காரரே, உங்கள் மாவு ரொம்ப நைஸாக இருக்கிறது, திருகை மாற்றினால் சரியாகும் என்று உண்மையைச் சொன்னார். அவர் பட்டறைக்கும் போகலாம் என்று நினைக்கிறோம். கம்ப்ரஸர் கேள்வியைக் கேட்டதும் எல்லோருமே, இவர்கள் தெரிந்துதான் வந்திருக்கிறார்கள் என்கிற மாதிரி பார்த்தார்கள். ஒரு மெஷினுக்குக் காற்றே வேண்டாம், மோட்டாரிலேயே ஓடுகிறது, சிங்கிள் ஃபேஸ். மனதில் நிற்பது அதுதான்.

மூன்று விலைப்புள்ளி கையில் இருக்கிறது. அட்வான்ஸ் கொடுக்கவில்லை. ஒருவர் மட்டும் இன்றைக்கே 10,000 கட்டினால் விலை குறைப்பேன் என்றார். வங்கி அனுமதித்த பிறகுதான் என்று சொன்னதும், அப்படியென்றால் அதே விலையை இரண்டு மாதம் வைத்திருக்கிறேன் என்று எழுதியே கொடுத்துவிட்டார். நெல்லை அண்ணனுக்கு இதைச் சொல்லவேண்டும் என்று அப்போதே நினைத்தேன்.

அத்தியந்தலுக்கு வரும் வாரம் போகிறோம். கடைசியாக ஒன்று: பட்டறைக்குப் போய்ப் பார்த்துப் பிடித்திருந்தால், ஆர்டர் கொடுக்கும்போது என்னென்ன எழுதி வாங்கவேண்டும்?

கோவை சர்வீஸ்

படிக்கப் படிக்க சந்தோஷமாக இருக்கிறது அக்கா. பட்டறைக்குப் போகும்போது இந்தத் தடவை 20 கிலோ மாவு கொண்டுபோங்கள். ஹாலில் பார்த்தது பத்துப் பாக்கெட். பட்டறையில் ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடவேண்டும். மெஷின் சூடேறியபின் எடை நகர்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.

ஆர்டரில் எழுதவேண்டியவை: எந்தப் பொருள், எத்தனை கிராம், எத்தனை கிராம் பிழைக்குள், நிமிடத்துக்கு எத்தனை. உணவு படும் இடம் 304. மோட்டார், கண்ட்ரோலர், சென்சார் என்ன பிராண்டு. உங்கள் கொட்டகையில் வந்து பொருத்தி, உங்கள் பெண்கள் இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுத்து, உங்கள் மாவில் ஓட்டிக் காட்டிய பிறகே கடைசித் தவணை. அந்தக் கடைசித் தவணை 10 சதவீதமாவது இருக்கட்டும். கடன் வங்கியிலிருந்து நேராகக் கம்பெனிக்குப் போகும் என்பதால் இந்தத் தவணைக் கணக்கை மேலாளரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஹீட்டர், டெஃப்லான் துணி, பெல்ட் இந்த மூன்றும் தேய்கிற சாமான். ஒரு செட் கூடவே வாங்கி, அதன் விலையையும் அதே தாளில் எழுதச் சொல்லுங்கள். பழுது என்றால் செங்கத்துக்கு எத்தனை நாளில் ஆள் வருவார் என்பதையும்.

பக்கத்து மாவட்டத்தில் அதே மெஷினை வாங்கி ஒரு வருடம் ஓட்டிய ஒருவரின் நம்பரைக் கேட்டு வாங்குங்கள். அவரிடம் மெஷினைப் பற்றிக் கேட்பதைவிட சர்வீஸ் ஆள் போனை எடுக்கிறாரா என்று கேளுங்கள்.